பேர் வைக்காத ஓட்டல்

“நீ வூட்ல அடுப்பு பத்த வெக்கிறியா, இல்லியா? அத மட்டும் சொல்லு.”

கேட்டவர் என் நாத்தனார் விஜயா அண்ணி. கேட்பதற்கு முன்னால் எங்கள் சமையலறைக்குள் போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அடுப்பு சில்லென்று இருந்ததாம். பர்னர் மேல் தூசி படிந்திருந்ததாம். சாட்சிக்கு விரலைக் காட்டினார்.

நாங்கள் கள்ளக்குறிச்சி டவுனில் இருக்கிறோம். அண்ணி பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் நைனார்பாளையம். அங்கிருந்து வாடகைக்கு ஒரு கார் பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து இறங்கியிருந்தார். கூடவே என் வீட்டுக்காரரின் பெரியப்பா. அவரை நான் பெரிய மாமா என்று கூப்பிடுவேன்.

பெரிய மாமா வந்தால் அது விருந்துக்கு வந்ததாக இருக்காது. எந்தக் குடும்பத்தில் தகராறு என்றாலும் அவரை அழைத்துப் போய் நடுவில் உட்கார வைப்பார்கள். அதிகம் பேச மாட்டார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மடியில் வைத்து மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். அதை உதறித் தோளில் போட்டாரானால் தீர்ப்பு வந்துவிட்டது என்று அர்த்தம்.

அன்றைக்குத் துண்டு மடியில் இருந்தது.

அண்ணியின் கேள்விக்கு எனக்கு ஒரு சொல்லில் பதில் இருந்தது. மூன்று வேளையும் சமைக்கிறவள் நான். அன்று காலையிலிருந்து நின்றுகொண்டு சாம்பார், பீட்ரூட் பொரியல், ரசம் எல்லாம் செய்து முடித்துக் கால் கடுத்துப்போய்த்தான் வந்து உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த ஒரு சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதற்கான காரணம் அண்ணியின் மடியில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. காரணத்தின் பெயர் யாழினி. எல்கேஜி படிக்கிறாள். என் மகள்.

இந்தத் தொடரில் இதுவரை ரவிக்கை, பாவாடை நாடா, முகூர்த்த மாதத்தில் வரும் முதுகுவலி என்று என் தையல் மிஷின் சமாசாரமாகவே எழுதி வந்திருக்கிறேன். ‘நீங்கள் வீட்டில் சமைக்கவே மாட்டீர்களா?’ என்று போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். அம்மா தாயே, அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நீங்கள் இல்லை.

புள்ளி

யாழினி சாப்பிட்டது மூன்றே பண்டம். இட்லி, சர்க்கரை தொட்டு. தோசை, முறுகல் ஓரத்தை வெட்டிவிட்டு. தயிர்சாதம், தாளிக்காமல். மற்ற எல்லாவற்றிலும் அவளுக்குப் புள்ளி தெரிந்துவிடும்.

கடுகு புள்ளி. மிளகு புள்ளி. சீரகம் நீளப் புள்ளி. கறிவேப்பிலை பெரிய புள்ளி. கத்தரிக்காயை விதை தெரியாமல் மசித்துக் கொடுத்தால் விளக்கு வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துப் பார்த்து, “உள்ள இருக்கு” என்பாள். வெண்டைக்காய் விஷயத்தில் நான் வாயே திறப்பதில்லை.

குழந்தை டாக்டரிடம் கூட்டிப் போனோம். “பசிச்சா தானா சாப்பிடும்மா, விடுங்க” என்றார். விட்டேன். அவள் பசிக்கும்போது சர்க்கரை டப்பாவின் மூடியைத் திறக்கத் தானாகக் கற்றுக்கொண்டாள்.

செல்போனில் வீடியோ பார்த்துக் கேரட்டைப் பூவாக வெட்டினேன். வெள்ளரிக்காயில் முதலை செய்தேன். முதலைக்கு அவள் பெயர் வைத்தாள், தூங்கப் போகும்போது பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள். மறுநாள் அது வாடிப்போனதற்கு வீடே அதிரும்படி அழுதாள். அதற்கப்புறம் வெள்ளரிக்காய் வாங்குவதே எங்கள் வீட்டில் துக்கம் விசாரிக்கிற காரியமாகிவிட்டது.

பிறகு காக்கா. “உனக்கு ஒரு வாய், காக்காவுக்கு ஒரு வாய்” என்று ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரம்பித்தேன். அவள் தன் வாயையும் காக்காவுக்கே கொடுத்தாள். அந்தக் காக்கா நாலு நாளில் தன் சொந்தபந்தத்தை எல்லாம் அழைத்து வந்தது. ஒரு கட்டத்தில் அதுவும் பீட்ரூட்டைத் தள்ளி வைத்துவிட்டு முட்டையை மட்டும் எடுக்க ஆரம்பித்ததும் நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

கோபம் வந்தது என்று சொல்லவேண்டியதில்லை. அதைவிடப் பயம்தான் ஜாஸ்தி. பள்ளிக்கூட வாசலில் மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் அவள் நிற்கும்போது, சீருடைக்குள் ஆள் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும். அந்தச் சீருடையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தவளே நான்தான்.

என் தம்பியும் முருங்கைக்கீரையும்

எங்கள் குடும்பத்துக்கு இது புதிதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் பிறந்தது திருக்கோவிலூர். என் தம்பி சின்ன வயதில் முருங்கைக்கீரையைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். “சாப்பிடலன்னா போலீஸ் வந்து புடிச்சிகினு போயிடும்” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அவன் நம்பவில்லை.

ஒருநாள் நிஜமாகவே ஒரு போலீஸ்காரர் வாசலில் வந்து நின்றார். யாருடைய வீட்டுக்கோ வழி கேட்க வந்தவர். “வூட்ல யாருங்க?” என்று அவர் குரல் கேட்டதுதான் தாமதம், தம்பி தட்டில் இருந்த கீரையைத் தின்றான், சட்டியில் இருந்ததைத் தின்றான், ஆய்ந்து ஓரமாகப் போட்டிருந்த காம்பையும் தின்றான். போலீஸ்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

தம்பி இப்போது போலீஸ் வேலையில் இருக்கிறான். இன்றைக்கும் மேலதிகாரி கூப்பிட்டு விட்டால் வாயில் முருங்கைக்கீரை ருசி வருகிறதாம்.

ஆக, பயம் காட்டிச் சாப்பிட வைத்தால் அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அந்த வழி வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். நான் பிடித்த வழி அதைவிட மோசமாகப் போகும் என்று அப்போது தெரியாது.

நூலைப் பிரித்தாள்

ஒரு தை மாதம், கல்யாண ரவிக்கைகள் மலையாகக் குவிந்து கிடந்த சமயம். என்னால் அடுப்பங்கரைப் பக்கம் போக முடியவில்லை. என் வீட்டுக்காரர் எலக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருக்கிறார். கடையைத் திறக்கப் போகிற வழியில் ஓட்டலில் பொங்கல் பார்சல் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பழைய செய்தித்தாள், உள்ளே வாழை இலை, மேலே குறுக்கும் நெடுக்கும் வெள்ளை நூல். யாழினி அந்த நூலின் நுனியைக் கண்டுபிடித்து இழுத்தாள். பொட்டலம் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு அவிழ்ந்தது. பேப்பர் மொறமொறவென்றது. இலையைத் திறந்ததும் முகத்தில் ஆவி அடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள்.

பிறகு சாப்பிட்டாள். மிளகோடு, சீரகத்தோடு, இஞ்சித் துண்டோடு.

மிஷினை நிறுத்திவிட்டேன். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

“யாழி, அது புள்ளி இல்லியா?”

“இது ஓட்டல்ல போட்ட புள்ளி” என்றாள்.

மறுநாள் அதே பொங்கலை வீட்டில் செய்து தட்டில் வைத்தேன். புள்ளி என்று தள்ளிவிட்டாள். வந்த ஆத்திரத்தில் அந்தப் பொங்கலை அப்படியே இலையில் கொட்டி, பேப்பரில் சுருட்டி, மிஷினில் இருந்த நூலால் கட்டி, கொஞ்ச நேரம் கழித்து நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஓட்டல் நூலு வெள்ளையா இருக்கும். இது ஊதா.”

அவ்வளவுதான். நூலின் நிறம் மட்டும்தான் அவளுக்கு ஆட்சேபணை. அன்று சாயங்காலமே கடைவீதிக்குப் போய், ஓட்டல்காரர்கள் வாங்குகிற வெள்ளை நூல்கண்டு ஒன்றை வாங்கி வந்தேன்.

ஓட்டல் நடத்தினோம்

வீட்டில் சமைத்தால் தாளிக்கிற வாசனை வரும், அவள் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் சமையலைப் பின்வீட்டு பாத்திமா அக்காவின் சமையல்கட்டுக்கு மாற்றினோம்.

பாத்திமா அக்கா வீட்டுக்காரர் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் வெளியூரில். எங்கள் பின்பக்கச் சுவரில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சின்னக் கதவு உண்டு. விஷயத்தைச் சொன்னதும் அக்கா, “கொழந்த சாப்ட்டா போதும் செல்வி. இன்னா வேணுமோ செஞ்சிக்க. வாழ எல நம்ம தோட்டத்திலியே கெடக்குது” என்றார். பெரிய பெரிய தேக்சாவாகக் காட்டினார். பாத்திரக்கடைக்காரர் வீட்டில் சின்னப் பாத்திரமே கிடையாது.

நான் அங்கே சமைப்பேன். யாழினியிடம், பாத்திமா பெரியம்மாவுக்கு ரவிக்கை அளவு எடுக்கப் போகிறேன் என்று சொல்வேன். கொஞ்ச நாளில், “பெரிம்மா டெய்லி குண்டாகிகினே இருக்காங்களா?” என்று கேட்டாள்.

பார்சல் கட்டுவது என் வீட்டுக்காரர் பொறுப்பு. பொட்டலம் சீக்கிரம் வந்துவிட்டது. சாம்பார் கவர்தான் வரவில்லை. ஓட்டலில் கட்டுகிற கவர் காற்றடைத்து உப்பலாக இருக்கும், இவர் கட்டினால் தொங்கிப்போன பலூனாக இருக்கும். வாயால் ஊதினார், பாத்திமா அக்கா திட்டினார். கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டல் வாசலில் போய் நின்று, பார்சல் கட்டுகிறவர் கையையே தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த ஆள், “வேலைக்கு வந்தீங்களா?” என்று கேட்டாராம். சொந்தக் கடை வைத்திருக்கிற மனுஷன் ரெண்டு நாள் சாப்பாட்டில் மனம் செல்லாமல் இருந்தார். ஆனால் கவர் உப்பிவிட்டது.

பார்சலை பைக்கில் மாட்டிக்கொண்டு பின்தெரு வழியாகக் கிளம்பி, மெயின்ரோடு வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு, முன்தெரு வழியாக வந்து வாசலில் ஹாரன் அடிப்பார். யாழினி ஓடுவாள்.

“ஓட்டல்ல கூட்டமாப்பா?”

“பயங்கர கூட்டம். நின்னு வாங்கிகினு வர்றதுக்குள்ள காலே போச்சி.”

இது மூன்று வேளையும் நடந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிச்சடி வந்தது, புளிசாதம் வந்தது, கீரைக்கூட்டு வந்தது. வெண்டைக்காய்கூட வந்தது. கன்னத்தில் சதை போட்டது. சீருடையில் பிடித்த தையலைப் பிரித்துவிட்டேன். என் கையால் நான் போட்ட தையலை அத்தனை சந்தோஷமாக என்றைக்குமே பிரித்ததில்லை.

மாஸ்டர்

சந்தோஷத்தில் ஒரு முள் இருந்தது.

யாழினிக்கு ஓட்டல் மாஸ்டர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. குறையும் சொல்வாள். “அப்பா, மாஸ்டர்கிட்ட போயி உப்பு ஜாஸ்தின்னு சொல்லிட்டு வாங்க” என்பாள். இவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய் தெருமுனையில் நின்றுவிட்டு வந்து, “சொல்லிட்டேம்மா. நாளைக்கி கம்மியா போடறேன்னாரு” என்பார். உப்பு போட்ட நான் அங்கேயே ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் கீரைக்கூட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து, ரொம்பப் பிரியமாக, “அம்மா, நீயும் மாஸ்டர்கிட்ட போயி கத்துக்கயேன்” என்றாள்.

இவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாஸ்டரைக் கண்டால் எனக்கு எரிந்தது. பிள்ளைக்குச் சோறு போடுகிறவன் அவன், நான் யாரோ. என்னைப் பார்த்தே நான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன் என்று வெளியில் சொன்னால் யார் நம்புவார்கள்? பாத்திமா அக்காவிடம் மட்டும் சொன்னேன். “ரெண்டு பேர்ல யாரு சமையல் ஒசத்தின்னு கேளு, தெரிஞ்சிக்கலாம்” என்றார் அவர்.

தீர்ப்பு

இதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. நைனார்பாளையத்திலிருந்து மரவள்ளி லோடு ஏற்றிக்கொண்டு வந்த ஒருவர், என் வீட்டுக்காரர் காலையில் பார்சலோடு போவதைப் பார்த்திருக்கிறார். மதியம் திரும்பும்போதும் பார்த்திருக்கிறார். இன்னொரு நாள் இருட்டும் நேரத்திலும் பார்த்திருக்கிறார். ஊருக்குப் போய் அவர் சொன்னது, அண்ணியிடம் வந்து சேரும்போது இப்படி ஆகியிருந்தது: தம்பி பொண்டாட்டி அடுப்பே பற்ற வைப்பதில்லை, தம்பி சம்பாதிப்பது எல்லாம் ஓட்டலுக்கே போகிறது, குழந்தை வீட்டுச் சோற்றின் ருசியே அறியாமல் வளர்கிறது.

அதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. அண்ணி கேள்வி கேட்டுவிட்டார். நான் யாழினியைப் பார்த்தேன்.

“யாழி, வெளிய போயி வெளாடு” என்றேன்.

“மாட்டேன். அப்பா பார்சல் எடுத்தாரப் போறாரு” என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ஹாரன். தன் அக்கா ஊரிலிருந்து வந்திருப்பது இவருக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றும்போதே, “யாழி, இன்னிக்கி ஓட்டல்ல இன்னா கூட்டம் தெரியுமா” என்று ஆரம்பித்து, உள்ளே வந்து அண்ணியைப் பார்த்து, அப்புறம் பெரிய மாமாவின் மடியில் இருந்த துண்டைப் பார்த்து, பார்சல் பையோடு அப்படியே நின்றார்.

“பாத்தீங்களா பெரியப்பா” என்றார் அண்ணி. “நான் சொன்னா நம்பல நீங்க. செல்வி, கடைசியா கேக்கறேன். அடுப்பு பத்த வெக்கிறியா இல்லியா? இல்லன்னா சொல்லிடு, திருக்கோவிலூருக்குப் போன் போட்டு ஒங்க அம்மா அப்பாவ வரச் சொல்றேன். கூட்டிகினு போயி சமைக்கக் கத்துக் குடுத்து அனுப்பட்டும்.”

உண்மையைச் சொன்னால் என் மானம் தப்பும். யாழினி மறுபடி இட்லிக்கும் சர்க்கரைக்கும் போய்விடுவாள். சொல்லாவிட்டால் அவள் சாப்பிடுவாள். என் அம்மா அப்பா இந்தக் கூடத்தில் வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்காருவார்கள்.

யாழினி அதற்குள் இவர் கையிலிருந்து பையை வாங்கி, ஒரு பொட்டலத்தை வெளியே எடுத்து, நூலின் நுனியைத் தேட ஆரம்பித்திருந்தாள்.

“இல்லீங்க அண்ணி” என்றேன். “பத்த வெக்கிறதில்ல. ஓட்டல்லதான் வாங்கறோம்.”

இவர் தரையைப் பார்த்தார். பெரிய மாமா துண்டை மடிப்பதை நிறுத்தினார்.

யாழினிதான் காப்பாற்றினாள். அவள் பொட்டலத்தைக் கொண்டுபோய்ப் பெரிய மாமாவின் மடியில், துண்டின் மேலேயே வைத்தாள்.

“தாத்தா, இந்த நூல இழுங்க. மொதல்ல மோந்து பாக்கணும். அப்பறந்தான் சாப்படணும்.”

குழந்தை சொல்கிறதே என்று அவர் இழுத்தார், மோந்து பார்த்தார். மதியவேளை, நைனார்பாளையத்திலிருந்து கிளம்பியதிலிருந்து எதுவும் சாப்பிடாத வயிறு. ஒரு வாய் எடுத்தார். சாம்பார் கவரைப் பிரித்து ஊற்றிக்கொண்டார். அப்புறம் பேச்சே இல்லை. இவர், “இன்னும் ரெண்டு வாங்கியாறேன்” என்று ஓடி, நாம் ஒரு சொம்பு தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் திரும்பி வந்தார். அண்ணியும் வேண்டா வெறுப்பாக ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். வேண்டா வெறுப்பாகவே முழுவதையும் சாப்பிட்டார்.

“ஓட்டல் பேரு இன்னாடா?” என்றார் பெரிய மாமா.

இவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “புதுசுங்க பெரியப்பா. பைபாஸ் தாண்டி. இன்னும் பேரு வெக்கல.”

“பேரு வெக்காத ஓட்டலுக்கே இம்மாம் ருசியா?”

இலையை மடித்துவிட்டுக் கை கழுவி வந்தார். துண்டை எடுத்தார். உதறினார். தோளில் போட்டார்.

“விஜயா, ஒம் பேரன் காதுகுத்துக்கு மலைக்குப் போறோம் பாரு. மேல காலையில ஒண்ணும் கெடைக்காது. வேன்ல வர்றவங்களுக்கு டிபன் இந்த ஓட்டல்லியே சொல்லிடு.”

அண்ணி விடவில்லை. “செல்வி விஷயம்?”

“அது காதுகுத்து முடிஞ்சி பாத்துக்கலாம்” என்றார் பெரிய மாமா, ஏப்பம் விட்டுக்கொண்டே.

மலையில்

ஆக, என் வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஒரு வேன் நிறைய ஆட்களுக்கு டிபன் ஆர்டர் எனக்கே வந்து சேர்ந்தது. பாத்திமா அக்காவின் தேக்சாவுக்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது. விடியும்போது பொங்கலும் கிச்சடியும் கட்டி முடித்து, குளித்து, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, அடுப்பையே பார்க்காதவள் மாதிரி வேனில் ஏறி உட்கார்ந்தேன். பார்சல் மூட்டைகளை இவர் பைபாஸில் நின்று ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார்.

அண்ணியின் பேரன் தர்ஷனுக்குத்தான் மொட்டையும் காதுகுத்தும். யாழினி வயதுதான். “எங்க தர்ஷன் கல்லக் குடுத்தாலும் தின்னுடும்” என்று அண்ணி வேனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். சொல்லும்போது என்னையும் யாழினியையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வளைவுக்கு வளைவு ஒருவர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். மேலே போய்ச் சேர்ந்து எங்கள் குலதெய்வக் கோயில் வாசலில் இறங்கியபோது நல்ல குளிர். அந்தக் குளிருக்குச் சூடு ஆறாத பொங்கல். ஆளாளுக்கு ஒரு பாறையில் உட்கார்ந்து நூலை இழுத்தார்கள். யாழினி ஒவ்வொருவரிடமும் போய், “எங்க ஓட்டல் மாஸ்டர் செஞ்சது” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மொட்டை முடிந்து வந்த தர்ஷனுக்கும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். நுனியை இழு. பேப்பரை மெதுவாகப் பிரி. கண்ணை மூடு. மோந்து பார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவன் பரீட்சை எழுதுகிற மாதிரி செய்தான்.

“நீயும் இந்த மாதிரி ஒரு பொங்கலு செஞ்சிட்டா எனக்கு ஒண்ணும் இல்ல செல்வி” என்றார் அண்ணி, விரலை நக்கிக்கொண்டு.

“முயற்சி பண்றேங்க அண்ணி” என்றேன்.

மதியம் கிடா விருந்து. இலை போட்டு, சோறு போட்டு, கறிக்குழம்பு ஊற்றியாயிற்று. கல்லைக் கொடுத்தாலும் தின்கிற தர்ஷன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“நூலு கட்டிக் குடு” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

கிளம்பும்போது பெரிய மாமா ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, வேட்டி, துண்டு வைத்து இவரிடம் கொடுத்தார். விசேஷத்துக்குச் சமைத்தவருக்கு மரியாதை செய்வது எங்கள் வழக்கம். “மாஸ்டரு கையில நேரா குடுத்துடு. நான் குடுத்தேன்னு சொல்லு” என்றார். இவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தட்டை என் முன்னால் நீட்டினார். சமைத்ததற்காக வாழ்க்கையில் எனக்கு முதல்முதலாகக் கிடைத்த மரியாதை, நாலு முழ வேட்டி. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

போன்

கொஞ்ச நாள் சத்தமில்லை. ஊரிலிருந்து வந்தவர்கள், அண்ணியின் பேரன் இளைத்துவிட்டான் என்றார்கள். அண்ணியை பைபாஸ் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். ஒவ்வொரு கடையாக எதையோ விசாரித்துக்கொண்டு போனாராம்.

ஒரு மத்தியானம் போன் வந்தது.

“செல்வி, பைபாஸ் தாண்டி ரொம்ப தூரம் போயி பாத்துட்டேன். ஓட்டலே இல்ல. ஒரு கோழிப் பண்ணதான் இருக்குது.”

இதோ வருகிறது என்று மிஷின் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் போல.

“நூலு எங்க வாங்கற?”

சொன்னேன். கடை தெரியாமல் அலைய வேண்டாம் என்று மறுநாளே ஒரு நூல்கண்டை ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். சாம்பார் கவருக்குக் காற்றை எப்படிப் பிடிப்பது என்று இவர் தன் அக்காவுக்குப் போனில் ரொம்ப நேரம் விளக்கினார். திருக்கோவிலூர்ப் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். அதே ஊர்க்காரர் வந்து ஒரு பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனார். செய்தித்தாள் சுற்றி, வெள்ளை நூலால் தேவைக்கு மேல் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. யாழினி பிரித்தாள், மோந்து பார்த்தாள், முகம் சுளித்தாள். உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலை.

அந்த நேரத்துக்குச் சரியாக அண்ணியிடமிருந்து போன். கையில் வேலை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அதுதான் தப்பு.

“வந்துச்சா செல்வி? மாஸ்டருக்கு அனுப்பிச்சேன். பெரியப்பா தெரியாம வேட்டியக் குடுத்துட்டாரு. அத தம்பிய கட்டிக்கச் சொல்லு.” வைத்துவிட்டார்.

யாழினி சேலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பின்பக்கம் பாத்திமா அக்கா வீட்டுக்குப் போகிற கதவைப் பார்த்தாள். கீரை போச்சு, வெண்டைக்காய் போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் சேலையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

“அப்பாகிட்ட சொல்லாதம்மா.”

“எத?”

“நீதான் மாஸ்டர்னு. அவரு பாவம். டெய்லி கூட்டத்துல நின்னு வாங்கிகினு வராரு.”

வாசலில் ஹாரன் கேட்டது. என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டு அவள் ஓடினாள்.

“ஓட்டல்ல கூட்டமாப்பா?”

“பயங்கர கூட்டம்” என்றார் அவர்.